மூன்று வேளையும்

பள்ளிக்கூடம் தாண்டினால் முதல் வேகத்தடை, அதற்குள் பிடித்துவிட வேண்டும், வேன் மூக்கைத் தூக்கும்போதே பிடித்துவிட்டால் பின்சக்கரம் ஏறி இறங்குகிற வரைக்கும் தாங்கும், பிடித்தேன், ஏறியது, இறங்கியது, மேலே கம்பியில் மாட்டியிருந்த பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, யாருடைய தூக்குப்போசியோ டங் என்றது, ஒன்றும் ஆகவில்லை. இப்போது விட வேண்டும். விடுவதுதான் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. நான் எதைப் பிடிக்கிறேன் எதை விடுகிறேன் என்று இந்த வேனில் இருக்கிற யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. பார்க்கிறவர்களுக்கு நான் ஜன்னல் ஓரமாக மடியில் பையை வைத்துக்கொண்டு, வெளியே சோளத்தட்டு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வருகிற ஒருத்தி. பிள்ளை பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் பனியன் கம்பெனிக்கு, ஓரம் வெட்டித் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்காரப் போகிற மோகனா. ஆனால் உள்ளே, இடுப்புக்கும் கீழே, சீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சதை இருக்கிறது. ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தினால் எது இழுக்குமோ அது. அதை உள்ளே இழுத்து மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், பிறகு விட வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். அதுதான் என் உடற்பயிற்சி. ஒரு நாளைக்கு மூன்று வேளை. பாப்பா பிறந்ததிலிருந்து எனக்குத் தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால், சிரித்தால் கொஞ்சம் நனைந்துவிடுகிறது. மனதுக்குள் சொல்லிக்கொள்ள முடிகிறது, ஆனால் வாயால் ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு. தீபாவளி கழித்து ஒரு தடவை இதே வேனில் ஏறினேன். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி கேட்டில் எல்லாரும் இறங்குகிற வரைக்கும் பையில் எதையோ தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, சூப்பர்வைசரிடம் காய்ச்சல் என்று சொல்லி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். 'இந்த வாரம் வந்து உக்காரலைன்னா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்மா, அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.' அந்த மிஷினில் உட்கார்ந்தால் என் கைக்கு வெட்கமே கிடையாது. வாய்க்குத்தான் வெட்கம், கண்ணுக்குத்தான் வெட்கம், கை பாட்டுக்குத் துணியைத் தள்ளும், திருப்பும், வெட்டும், பக்கத்து மிஷின்காரி திரும்பிப் பார்ப்பாள். ஆறாவதோடு படிப்பை நிறுத்தினவளை உலகத்தில் வேறு எங்கே திரும்பிப் பார்க்கிறார்கள். காலையில் விளக்குப் பற்றவைத்துவிட்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இன்றைக்குக் கேட் வரைக்கும் நனையாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் தினமும் போவேன், நனைந்தால் இனி ஏற மாட்டேன், மிஷின் போனால் போகட்டும். சாமியிடம் சொன்னேனா என்னிடமே சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை. விட்டேனா? இன்னும் விடவில்லை. பிடித்தபடியேதான் இருந்திருக்கிறேன்.

விடு மோகனா. விட்டால் போய்விடாது. போய்விடும் என்றுதான் உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது, அதன்மேல் தப்பு இல்லை, அதற்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளை பெற்ற வீட்டில் எல்லாரும் வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள். அத்தை என் வயிற்றைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள், குடிக்கிற தண்ணீரைச் சின்ன டம்ளரில் அளந்துதான் கொடுத்தார்கள், 'தண்ணி சேத்திக் குடிச்சீன்னா வயிறு தொங்கிரும் சாமி, அப்புறம் சேலை நிக்காது' என்றார்கள், நல்லதுக்குத்தான் சொன்னார்கள், அவர்களுக்கும் யாரோ அப்படி அளந்து கொடுத்திருப்பார்கள். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. குடிக்காவிட்டால் வராது என்று நானே கண்டுபிடித்த மாதிரி நினைத்துக்கொண்டேன். டம்ளரில் பாதி குடித்தேன், அப்புறம் அதிலும் பாதி. வந்தது மட்டும் நிற்கவில்லை, எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது. பாப்பா துணி காய்கிற கயிற்றில் நடுவில் நடுவில் என் துணியும் காய்ந்தது, பிள்ளை இருக்கிற வீட்டில் துணி எவ்வளவு காய்ந்தாலும் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள், அந்த மட்டுக்கும் பாப்பா எனக்குக் காவல். அவரிடம் சொல்லவில்லை. அவர் தறிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து ஏதாவது வேடிக்கை பேசுவார், முன்னேயெல்லாம் நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிப்பேன், இப்போது உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன். ஒரு நாள் கேட்டார், 'நான் பேசறது உனக்குப் புடிக்கறதில்லையா மோகனா?' என்று. அதில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நான் 'இல்லீங்க, அடுப்புல பால்' என்றேன். அடுப்பில் பால் இல்லை. பக்கத்து வீட்டு நாச்சிமுத்து மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதால் பெனிட்டா என்கிற பொண்ணு ஸ்கூட்டரில் வந்து அவருக்குப் பயிற்சி கொடுப்பாள். பிசியோதெரபி. மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையைத் தூக்குவார், அவள் 'இன்னும் மாமா, இன்னும் கொஞ்சம், அப்படித்தான்' என்று சத்தம் போடுவாள், போகிற வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, 'அட, நேத்தைக்கு இன்னைக்கு கை நல்லா ஏறுதுங்களே மாமா' என்பார்கள், பால்காரர் கைதட்டினார் ஒரு நாள். காலையும் சாயங்காலமும் பயிற்சி நேரம் ஆகிவிட்டால் அந்த வீட்டில் டீ, பேப்பர், ரேடியோ எல்லாம் நின்றுவிடும், எல்லாரும் மாமாவின் கைக்காக நிற்பார்கள். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கை விழுந்தால் வாசலில் உட்காரலாம். எனக்கு விழுந்தது எங்கே உட்கார்ந்து தூக்குவது என்று நினைத்தேன், நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்ததும் நனைந்தது. அன்றைக்குத்தான் அவள் ஸ்கூட்டர் எடுக்கப் போகும்போது பின்னாலேயே போனேன். மாடிப்படிக்கு அடியில் வண்டி நிறுத்தியிருந்தாள். 'பாப்பாவுக்கு ஏதாச்சுமாக்கா?' என்றாள். 'இல்லீங்க, எனக்கு' என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். அந்தச் சத்தம் நின்றதும் சொல்லிவிட்டேன்.

லோகு அண்ணன் கியரை மாற்றுகிறார், அது எப்போதும் இரண்டு தடவை முரண்டு பிடித்துத்தான் விழும், ரைஸ் மில் வளைவு வருகிறது, அதற்குப் பிறகு இரண்டு வேகத்தடை சேர்ந்தாற்போல, அதுதான் கஷ்டம், ஒன்றுக்குப் பிடித்து விடுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். பெனிட்டா சொன்னபோது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது. 'இது பிள்ளை பெத்தவங்க நிறைய பேருக்கு இருக்கும்க்கா, சொல்றதில்லை, அவ்வளவுதான்' என்றாள். உங்கள் கம்பெனியில் சரக்கு ஏற்றுகிற லிஃப்ட் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி, கீழேயிருந்து மேலே கொண்டுபோங்கள், மேலே நிறுத்துங்கள், மெதுவாகக் கீழே இறக்குங்கள், மூச்சை அடக்காதீர்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று வேளை என்றதும் எனக்கு மாத்திரை ஞாபகம்தான் வந்தது. 'சாப்பாட்டுக்கு முன்னாலயா பொறகாலயாங்க?' என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல பொண்ணு, 'எப்ப வேணா செய்யலாம்க்கா' என்றாள். எப்போது வேண்டுமானாலும் என்றால் எப்போது? எனக்கு அப்படி ஒரு பொழுது எங்கே இருக்கிறது? எழுந்ததும் தண்ணீர் வரும், அதைப் பிடிக்க வேண்டும், பாப்பா அழும், அவருக்கு டிபன், அத்தைக்கு முட்டி வலிக்கு வெந்நீர், குளிக்கப் போனாலே 'மோகனா' என்று ஒரு குரல் கதவைத் தட்டும், நான் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தால் யாருடைய கண்ணுக்காவது உறுத்தும், என் கண்ணுக்கே உறுத்தும். அதனால் மாத்திரை மாதிரியே வைத்துக்கொண்டேன். காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் சாமி படத்துக்கு முன்னால் நின்று பிடித்தேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு. கிருத்திகைக்கு விரதம் இருந்தேன், சாப்பிடவில்லை, அதனால் பயிற்சியும் இல்லை. வீட்டுக்குத் தூரமான நாட்களில் சாமி படத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது, அந்த நாட்களில் மொத்தமாக விட்டுவிட்டேன். ஒரு வேளை மறந்துவிட்டால் மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்வார்களே, அப்படிப் போனதைப் போனதாக விட்டுவிட்டேன். அடுத்த தடவை இதையெல்லாம் சொன்னபோது பெனிட்டா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். 'அக்கா, இதுக்குச் சாமியும் தெரியாது சோறும் தெரியாது. தோசை வேகறப்ப செய்ங்க. பாப்பாவுக்குப் பால் குடுக்கறப்ப செய்ங்க. ரேஷன் கடையில நிக்கறப்ப செய்ங்க. தண்ணிய மட்டும் அளக்காம குடிங்க.'

ரேஷன் கடையில் செய்தேன். அன்றைக்குப் பாமாயில் வரவில்லை என்று முன்னால் நின்ற ஒருத்தி கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள், நான் வரிசையில் நின்றபடியே தூக்கிப் பிடித்து, நிறுத்தி, இறக்கினேன், மறுபடி தூக்கினேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. நான் செய்கிற வேலை எல்லாமே யாருக்காவது. சமைத்தால் அவருக்கு, துவைத்தால் பாப்பாவுக்கு, தைத்தால் எந்த ஊரிலோ இருக்கிற யாரோ போட்டுக்கொள்கிற பனியனுக்கு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுகூட அத்தை சொல்லி, வீட்டுக்கு நல்லது என்று. இது ஒன்றுதான் எனக்கு மட்டும். நடுவில் கூப்பிட்டு யாரும் இதை நிறுத்த முடியாது, செய்துகொண்டே 'வந்துட்டேனுங்' என்று எழுந்து போகலாம். எவ்வளவு பெரிய வசதி. அந்தச் சந்தோஷத்தில்தான் கெடுத்துக்கொண்டேன். மூன்று வேளை நல்லது என்றால் நாள் முழுக்க இன்னும் நல்லதுதானே என்று காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்க ஆரம்பித்தேன். கூட்டத்தில் நடக்கிறபோது பர்ஸை இறுக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. பெருக்கும்போது, மாவு ஆட்டும்போது, பாப்பா தூங்கினபிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது. இடுப்பு கடுத்தது, தொடை நடுங்கியது, கடைசியில் ஒரு சின்னத் தும்மலுக்குக்கூட நிற்கவில்லை, பழையபடியே, பழையதைவிட மோசமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் செய்கிற எதுவும் உருப்படாது என்று. பெனிட்டா என் கையைப் பிடித்து விரல்களை மடக்கினாள். 'இப்படியே மூடி வெச்சுட்டு இந்தக் கையில ஒரு டம்ளரை எடுங்க பார்க்கலாம்' என்றாள். எடுக்க முடியவில்லை. 'திறந்தாத்தானேக்கா பிடிக்க முடியும்? நீங்க விடவே இல்லை. பிடிக்கிறது பாதிதான், விடறது மீதிப் பாதி. எவ்வளவு நேரம் பிடிச்சீங்களோ அவ்வளவு நேரம் முழுசா விடணும்.' நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவு தெரிந்து நான் எதையாவது முழுசாக விட்டிருக்கிறேனா? பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தாலும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வேன். பிரசவத்தில் நர்ஸ், 'கத்து புள்ளே, கத்தித் தொலை' என்று திட்டினார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், வெளியே மாமனார் உட்கார்ந்திருக்கிறாரே என்று. நல்ல பொண்ணு, சத்தமே இல்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். சத்தம் இல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்கு எல்லாரும் இதுவரைக்கும் மார்க் போட்டிருக்கிறார்கள்.

இரட்டை வேகத்தடை வந்தது, முதலாவதுக்குப் பிடித்தேன், விட்டேன், கொஞ்சம்தான் விட்டேன், இரண்டாவதுக்குப் பிடித்தேன், தாண்டிவிட்டது. இனிமேல் பாலம் வரைக்கும் நல்ல ரோடு. நல்ல ரோடாக இருந்திருக்கும், குழாய் பதிக்கிறோம் என்று ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மண் மலை மலையாக, ஒரு வண்டி போனால் ஒரு வண்டி நிற்க வேண்டும், எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், அதற்கு முன்னால் என்னவோ தெரியவில்லை. வேன் நின்றது, ஊர்ந்தது, நின்றது. இது எனக்கு வேகத்தடையைவிட மோசம். வேகத்தடை வருவது கண்ணுக்குத் தெரியும். நின்ற வேனில் வருவது பேச்சு. பக்கத்தில் துளசிமணி அக்கா உட்கார்ந்திருக்கிறாள், செக்கிங் டேபிளில் பல வருஷமாக இருப்பவள், பனியனில் ஓட்டை இருந்தாலும் ஆளில் ஓட்டை இருந்தாலும் உடனே விரலை வைத்துவிடுவாள். வேன் ஓடுகிற வரைக்கும் தூங்குவாள், நின்றால் முழித்துக்கொள்வாள், முழித்துக்கொண்டால் வேன் முழுக்கச் சிரிக்க வேண்டியதுதான். பாப்பா பிறப்பதற்கு முன்னால் நான் இவள் பக்கத்தில்தான் இடம் பிடிப்பேன். பேச மாட்டேன், சிரிப்பேன், நான் சிரிக்கிறதைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்னும் வேகம் வரும். இன்றைக்கு வேறு சீட்டு இல்லை. ஏறினதிலிருந்து அவள் முழித்துக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தேன். முழித்துக்கொண்டாள். 'என்ன அம்முணி, பாப்பாவை ஆருகிட்ட உட்டுட்டு வந்தே?' 'அத்தைகிட்டீங்க்கா.' 'அழுதுச்சா?' 'இல்லீங்க்கா.' 'அப்ப நீ அழுதியா?' நான் ஜன்னலைப் பார்த்தேன். முன்சீட்டிலிருந்து பூங்கொடி திரும்பினாள், என் வயசுக்காரி, சிங்கர் மிஷினில் தைக்கிறவள். 'அவ நம்மகிட்டயெல்லாம் பேச மாட்டாளுங்க்கா. தீவாளிக்குப் பொறகு வந்தன்னைக்கே பாத்தேன். மூஞ்சியை உம்முனு வெச்சுட்டு இருந்துபோட்டு ஒரே நாள்ல ஓடிட்டா.' 'ஏண்டி, சிரிச்சாப் பல்லுக் கொட்டிருமா?' என்றாள் அக்கா. 'உலகத்துல புள்ள பெத்தவ நீ ஒருத்திதானா? மகாராணியாட்டம் உக்காந்திருக்கே.' எல்லாரும் சிரித்தார்கள். பொல்லாப்பாக இல்லை, இழுத்துப் பார்க்கிற சிரிப்பு, நான் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் உள்ளே வந்துவிடலாம். என் வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பெருமைக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். பெருமைக்காரி என்று பெயர் வாங்குவது நல்லதா, நாற்றம் அடிக்கிறவள் என்று பெயர் வாங்குவது நல்லதா? பெருமையே இருக்கட்டும். ஆனால் தினமும் இந்த முகத்தோடு இவர்கள் நடுவில் எப்படி உட்கார்ந்து போவேன், மிஷின் கிடைத்தாலும் பக்கத்து மிஷின்காரி திரும்பிப் பார்க்க மாட்டாளே. அடிவயிறு கனத்தது. பெனிட்டா சொன்னாளே என்று காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்தேன், ஏன் குடித்தேன், இன்றைக்கு மட்டும் குடிக்காமல் வந்திருக்கலாம்.

வேன் மறுபடி நின்றது. லோகு அண்ணன் ஸ்டீரிங்கைத் தட்டினார். வெளியே ஒரு எருமை எங்களைத் தாண்டி நிதானமாகப் போனது. 'பாரு லோகு, அது கம்பெனிக்கு நமக்கு முந்திப் போய்ச் சேந்துரும்' என்றாள் அக்கா. 'நீங்க வேறீங்க்கா. எனக்குச் சர்க்கரை ஏறிக் கெடக்குது. காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா நடக்கணுமாம். டாக்டர் சொல்லீட்டாரு. எங்கீங்க நேரம்? காலைல உங்களை ஏத்தோணும், சாயங்காலம் உங்களை எறக்கோணும். நடுராத்திரில நடந்தா நாய் தொரத்துது.' லோகு அண்ணன் உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது, இரண்டு வேளைக்கு இடம் கிடைக்காத இன்னொரு ஆள். 'இதுக்கா இத்தனை வெசனம்?' என்றாள் அக்கா. 'எறங்கு. இப்பவே எறங்கு. வேனை நாங்க ஓட்டிக்கறோம், நீ முன்னால நட. ஹாரன் அடிச்சா வெரசா நட.' பூங்கொடி கிக்கென்றாள். 'நீங்க ஓட்டுனா வேன் நேரா சுடுகாட்டுக்குத்தான் போகுமுங்க்கா' என்றார் லோகு அண்ணன். 'அதெல்லாம் நீ பயப்படாதே, உன்ற சம்சாரத்தைக் கண்டக்டரா வெச்சுக்கறோம். பின்னால தொங்கிக்கிட்டு விசில் ஊதுவா. வளைவு வந்தா கையைக் காட்டித் திரும்போணும் லோகு, இல்லீன்னா போலீஸ் புடிப்பான். வேகத்தடை வந்தா நீயும் ஒரு குதி குதிச்சுரு.' எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் லோகு அண்ணன் தொப்பையோடு வேனுக்கு முன்னால் ரோட்டில் நடக்கிறார், வலது கையை நீட்டி வளைவில் திரும்புகிறார், வேகத்தடைக்கு ஒரு குதி குதிக்கிறார், வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் விசில். நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், சோளத்தட்டைப் பார்த்தேன், எருமையைப் பார்த்தேன், எருமைக்குப் பக்கத்தில் லோகு அண்ணன் நடந்துகொண்டிருந்தார். பிடி, பிடி, முன்னாலேயே பிடி, தும்மலுக்கு முன்னால் பிடிக்கிற மாதிரி. பிடித்தேன். வயிற்றிலிருந்து ஒரு பந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்தது, உதட்டை இறுக்கினேன், அது மூக்கு வழியாக வந்துவிட்டது, பன்றி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள், அவர்கள் திரும்பினதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை, வாயைத் திறந்து சிரித்துவிட்டேன். பையைக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சு வாங்க, ஒரு வருஷத்துச் சிரிப்பு. வேன் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. லோகு அண்ணன்கூடக் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். பிடித்திருந்தது எவ்வளவோ நேரம் தாங்கியது. உண்மையாகவே தாங்கியது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது, தீபாவளிக்கு அப்புறம் அந்தப் பள்ளத்துக்குத் தாங்காதது இவ்வளவு சிரிப்புக்குத் தாங்கியது. கடைசியில்தான், சிரிப்பு அடங்கப்போகிற நேரத்தில்தான், ஒரு சொட்டு. சூடாக. பிறகு சில்லென்று.

போச்சு. நனைந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சொன்னேனே, நனைந்தால் ஏற மாட்டேன் என்று. எல்லாரும் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒருத்திகூடக் கீழே பார்க்கவில்லை. ஒரு வருஷமாக நான் இடுப்புக்குக் கீழேயே குடியிருக்கிறேன், இவர்கள் எல்லாரும் என் முகத்தில்தான் இருந்திருக்கிறார்கள், அங்கே ஆள் இல்லை என்றுதான் அவர்களுக்கு வருத்தம். 'அட, அம்முணிக்குச் சிரிக்கத் தெரியுதே! இத்தனை நாளா எங்கடி பூட்டி வெச்சிருந்தே?' என்றாள் துளசிமணி அக்கா, சொல்லிவிட்டு என்னைக் குனிந்து பார்த்தாள். 'என்ன கண்ணு, சிரிச்சுட்டிருக்கறப்பவே அழுகறே?' வேன் கிளம்பிவிட்டது, எஞ்சின் சத்தத்தில் பூங்கொடியும் மற்றவர்களும் லோகு அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு பக்கம் பேச்சிலேயே அவரை நடக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மடியில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னேன். 'சிரிச்சா எனக்கு ஒழுகுதுங்க்கா. அதனாலதான் சிரிக்கறதில்லை. பெருமை இல்லீங்க.' சொன்ன பிறகு திரும்ப உள்ளே இழுக்க முடியாது, அதற்கெல்லாம் பெனிட்டாவிடம் பயிற்சி இல்லை. அக்கா கொஞ்சம் தள்ளி உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கிட்டே நகர்ந்து வந்தாள். 'எப்ப இருந்து?' 'பாப்பா பொறந்ததுல இருந்துங்க்கா.' 'எனக்கு என்ற சின்னவன் பொறந்ததுல இருந்து' என்றாள். 'அவனுக்கு இப்ப மீசை மொளைச்சிருச்சு.' நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இருமுனாப் போச்சு. பஞ்சுத் தூசிக்குத் தும்முனாப் போச்சு. இது பொம்பளையாப் பொறந்ததோட சேந்ததுன்னு உட்டுட்டேன். துணி வெச்சுட்டுத்தான் வாறேன். பைல சேத்தி ஒண்ணு கெடக்குது, வேணுமா?' 'இல்லீங்க்கா. ஒரு சொட்டுத்தான்' என்றேன், ஒரு சொட்டுத்தான் என்று என் வாயே சொன்னதும்தான் எனக்கு உறைத்தது, ஆமாம், ஒரு சொட்டுத்தான், அவ்வளவு சிரிப்புக்கு ஒரே சொட்டு. 'அப்படி உட வேண்டியதில்லீங்க்கா. அதுக்குப் பயிற்சி இருக்குது.'

'பயிற்சியா? கையைக் காலைத் தூக்கிட்டா? இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டா? போடி.' 'கையும் வேண்டாம் காலும் வேண்டாமுங்க. உக்காந்தாப்பலயே செய்யலாம். ஆருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு மூணு வேளை.' 'மூணு வேளையா! சோறே ரெண்டு வேளைதான் ஒழுங்காத் திங்கறேன். எங்கே நேரம்?' நான் அவள் காதோரமாகச் சொன்னேன். சரக்கு லிஃப்டைச் சொன்னேன், மூச்சை அடக்கக் கூடாது என்றதைச் சொன்னேன், விடுவதைச் சொன்னேன், அதை இரண்டு தடவை சொன்னேன். ஒருத்தர் காதில் நான் இவ்வளவு நேரம் பேசினது இதுதான் முதல் தடவை. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பனியனில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற அதே முகத்தோடு கேட்டாள். 'இப்பவேவா?' 'இப்பவேதானுங்க்கா. காலை வேளையை வேன்லயே முடிச்சுக்கலாம். மத்தியானத்துக்கு மிஷின்ல நூல் மாத்தறப்ப நான் செஞ்சுக்கறேன், நீங்க டேபிள்ல நின்னுட்டுச் செய்ங்க. சாயங்காலம் திரும்பி வாறப்ப இன்னொண்ணு. நாளைக்கும் இங்கேயே எடம் புடிச்சு வைங்க.' நாளைக்கு. என்னைக் கேட்காமலே வந்துவிட்டது அந்த வார்த்தை, காலையில் சொல்லிக்கொண்டதை அது கேட்கவே இல்லை. கேட்காவிட்டால் போகட்டும். சாமிக்குப் புரியும், புரியாவிட்டால் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். 'புடிங்க்கா' என்றேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தாள், நானும் நேராகப் பார்த்தேன். பாலம் ஏறியது வேன். லோகு அண்ணனை நடக்கவைத்துக் களைத்துப்போய்ப் பூங்கொடி திரும்பினாள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். 'இப்பத்தானே சிரிச்சீங்க? அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம மொறைச்சுட்டு உக்காந்திருக்கீங்க?' துளசிமணி அக்கா உதடு அசையாமல் என்னிடம், 'அவளை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுடி, எனக்குச் சிரிப்பு வருது' என்றாள். நான் பூங்கொடியைத் தாண்டிப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.